லினக்ஸ் பூட் ஆகும்போது வரும் ஹார்ட் டிஸ்க் பிழைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். வழக்கமான லாகின் திரைக்குப் பதிலாகக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஓடுகிறது, நடுவில் எரர், ஃபெயில்டு என்று கண்ணில் படுகிறது, அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இந்த நிலையில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் இவை. உபுண்டு, மின்ட், டெபியன் போட்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கட்டளைகளின் பெயரை ஒலிக்கிறபடி தமிழில் கொடுத்திருக்கிறேன், டெர்மினலில் அடிக்கும்போது அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

திரையில் ஏதேதோ ஓடி நின்றுவிட்டது. முதலில் என்ன செய்வது?

போனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள். "ஏதோ எரர் வந்தது" என்பதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் அந்தத் திரையில் இருக்கிற ஒரே ஒரு வரி கிடைத்தால் பாதி வழி வந்தமாதிரி. படம் எடுத்த பிறகு கேபினெட் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டுகிற சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைக் காப்பாற்றுவது பற்றிய கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

சத்தம் எதுவும் இல்லையென்றால் ஒருமுறை முழுதாக அணைத்து, பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். செருகி மறந்துபோன பென் டிரைவிலிருந்து பூட் ஆகப் பார்த்து நிற்கிற கம்ப்யூட்டர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருமுறைதான். பத்துப் பதினைந்து தடவை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருக்காதீர்கள், சாகக் கிடக்கிற டிஸ்க் அப்படித்தான் முழுதாகப் போய்ச் சேருகிறது.

டிஸ்க்கே கெட்டுவிட்டதா, ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பியிருக்கிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் இருக்கிறதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். இதற்குப் பதில் தெரியாமல் எந்த ரிப்பேர் கட்டளையையும் அடிக்கக் கூடாது, ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஃபைல் சிஸ்டம், அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்கிற கணக்கு, மட்டும் குழம்பியிருந்தால் அந்த இடத்திலேயே சரிசெய்யலாம். டிஸ்க் சாகிறது என்றால் அதன்மேல் ஒரு எழுத்துகூட எழுதாமல் முதலில் உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுக்க வேண்டும்.

படம் எடுத்த திரையைப் பாருங்கள். "ஏடிஏ1.00" என்று தொடங்கி "ஃபெயில்டு கமாண்ட்", "ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டார் இத்தனை" என்று வரிகள் இருந்தால், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க்கிடம் கேட்ட தகவலை டிஸ்க்கால் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். கோளாறு வன்பொருளில் இருக்கிறது: டிஸ்க், கேபிள், பவர் சப்ளை, இந்த மூன்றில் ஒன்று. அப்படி எதுவும் இல்லாமல் "எக்ஸ்ட்4-எஃப்எஸ் எரர்", "இனோடு", "ஆர்ஃபன்" என்கிற சொற்கள் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கரண்ட் போனதால் கணக்கு வழக்கு குழம்பிய ஃபைல் சிஸ்டம்.

உறுதிசெய்ய ஒரு லைவ் யூஎஸ்பி வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டுவையோ மின்டையோ பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் "ட்ரை" கொடுத்து உள்ளே போங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிற ஸ்மார்ட் தகவல் டிஸ்க்ஸ் என்ற செயலியிலேயே தெரியும். டெர்மினல் பழக்கம் இருந்தால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பை நிறுவி, சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) ஸ்மார்ட்சிடிஎல் -ஏ என்று கொடுத்து டிஸ்க்கின் பெயரை (/dev/sda மாதிரி) சேர்க்கலாம். நீளமான பட்டியல் வரும், பயப்பட வேண்டாம், தொடக்கத்தில் 5, 197, 198, 199 என்ற அடையாள எண் இருக்கிற நான்கு வரிகளில், கடைசியில் இருக்கிற ரா வேல்யூ பத்தியை மட்டும் பாருங்கள். 5ஆம் எண், டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்). 197, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் இருக்கிற செக்டார்கள். 198, சோதித்துப் பார்த்தும் படிக்க முடியாதவை. 199, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த எண்ணிக்கை. 197இலும் 198இலும் 0 தவிர வேறு எது இருந்தாலும் நான் முதலில் பேக்கப் எடுக்கத்தான் சொல்வேன்.

மேலே "பாஸ்டு" என்று ஒரு வரி இருக்கும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். நூற்றுக்கணக்கில் செக்டார் போன டிஸ்க்குகளும் பாஸ்டு என்று காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

கேபிள் கோளாறாக இருக்குமா?

இருக்கலாம், இருந்தால் அதிர்ஷ்டம். 199ஆம் எண் ஏறியிருந்து 5, 197, 198 மூன்றும் 0 என்றால், அல்லது திரையில் "ஐசிஆர்சி" என்று வந்தால், புது சாட்டா கேபிள் போட்டுப் பாருங்கள். மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், பவர் கனெக்டரையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். 199இன் எண்ணிக்கை திரும்பக் குறையாது, அதனால் இப்போது இருப்பதைக் குறித்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

"அனெக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று வந்து இனிட்ராம்எஃப்எஸ் என்ற இடத்தில் நிற்கிறது. என்ன அடிப்பது?

இனிட்ராம்எஃப்எஸ் என்பது பூட் ஆகும்போது முதலில் ஏறுகிற தற்காலிகச் சின்ன சிஸ்டம். கெர்னல் ஏறிவிட்டது, ஆனால் ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் இருக்கிற டிஸ்க் பகுதியை) மவுன்ட் செய்வதற்கு, அதாவது பயன்பாட்டுக்கு இணைப்பதற்கு, முன் நடந்த சோதனையில் தானாக முடிவெடுக்க முடியாத ஒன்று சிக்கியிருக்கிறது. உங்களைக் கேட்டுச் செய்யலாம் என்று நிற்கிறது, அவ்வளவுதான்.

அங்கே முதலில் எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். எந்தப் பார்ட்டிஷனில் பிரச்சினை என்பதை மறுபடி காட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வரும். எஸ்டிஏ2 என்று காட்டினால், ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்கிற கட்டளையான எஃப்எஸ்சிகேயை அடித்து ஓர் இடைவெளி விட்டு அந்தப் பார்ட்டிஷனின் முழுப் பாதையை (/dev/sda2) கொடுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் சரிசெய்யட்டுமா என்று கேட்கும். முடிந்ததும் எக்ஸிட் கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே பூட் ஆகிவிடும். டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் -ஒய் சேர்த்து எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. மவுன்ட் ஆகி இருக்கிற பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே ஓட்டக் கூடாது, ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டமும் எஃப்எஸ்சிகேயும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி எழுதி நல்லதையும் கெடுத்துவிடும். அப்புறம், "பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர் பிளாக்" என்று வந்தால் உடனே கலங்காதீர்கள், பல நேரம் எஸ்டிஏ2 என்பதற்குப் பதில் வெறும் எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கையும் கொடுத்திருப்பார்கள். பெயர் சரியாக இருந்தும் அதே பிழை வந்தால்தான் மாற்று சூப்பர் பிளாக். சூப்பர் பிளாக் என்பது ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கிற இடம். லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 அதைப் பல இடங்களில் நகலாக வைத்திருக்கிறது, வழக்கமான 4 கேபி பிளாக் அளவில் முதல் நகல் 32768ஆம் பிளாக்கில். எக்ஸ்ட் வகைக்கான எஃப்எஸ்சிகேயான ஈ2எஃப்எஸ்சிகே கட்டளையில் -பி (-b) கொடுத்து அந்த எண்ணைச் சேர்த்தால் அங்கிருந்து படித்துக்கொள்ளும்.

எது வந்தாலும் எஃப்எஸ்சிகே -ஒய் கொடுத்தால் போதும் என்கிறார்களே?

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் பூட் ஆகாமல் நின்றது. திரையில் ஐ/ஓ எரர் வரிகள் இருந்தன, படித்தேன், ஆனால் அவற்றின் அர்த்தம் அப்போது எனக்குத் தெரியாது. -ஒய் போட்டு ஓடவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் பார்ட்டிஷன் சுத்தம் என்று சொன்னது, பூட்டும் ஆனது, ஆனால் அக்கா பையனின் முதல் இரண்டு வருடப் படங்கள் இருந்த ஃபோல்டரே இல்லை. லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டரில் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடந்தன, பாதி திறக்கவில்லை. முதலில் நகலெடுத்திருந்தால் அந்தப் படங்களில் பெரும்பகுதி இன்று இருந்திருக்கும். இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்கே அதுதான் காரணம்.

நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். படிக்க முடியாத ஓர் இடம் வந்தால் ஈ2எஃப்எஸ்சிகே இரண்டு கேள்வி கேட்கும்: பிழையைப் பொருட்படுத்தாமல் போகட்டுமா, அந்த இடத்தில் வலிந்து திரும்ப எழுதட்டுமா. -ஒய் கொடுத்தால் இரண்டுக்கும் ஆமாம் சொன்னதாகிவிடும். இன்னும் நாலு தடவை முயன்றிருந்தால் படித்திருக்கக்கூடிய ஒரு டைரக்டரி பிளாக்கின் மேல் ஒன்றுமில்லாததை எழுதிவிட்டால், அந்த டைரக்டரிக்குள் இருந்தவை எல்லாம் அநாதையாகி லாஸ்ட்+ஃபவுண்டுக்கு வந்து சேரும். கருவியில் குறை இல்லை. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை, உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அல்ல.

சரி, டிஸ்க் சாகிறது என்று தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது?

தட்டுகிற சத்தம் வந்தாலோ, டிஸ்க் கீழே விழுந்திருந்தாலோ, தகவல் விலைமதிப்பற்றது என்றாலோ வீட்டில் எதுவும் முயலாமல் டேட்டா ரெகவரி செய்கிற இடத்துக்கு எடுத்துப் போங்கள். செலவு அதிகம்தான். ஆனால் ஹெட் கெட்டுப்போன டிஸ்க்கை ஒவ்வொரு முறை சுழலவிடும்போதும் அது தட்டின் பரப்பைக் கீறிக்கொண்டிருக்கலாம். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

சத்தமில்லாமல் சில செக்டார்கள் மட்டும் போயிருக்கிறது என்றால் குனு டிடிரெஸ்க்யூ போதும். டெபியன், உபுண்டுவில் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, அடிக்க வேண்டிய கட்டளை டிடிரெஸ்க்யூ. பழைய டிஸ்க்கைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க் வேண்டும். இதன் அருமை என்னவென்றால், சாதாரண நகல் கட்டளை மாதிரி படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. எளிதாகப் படிக்க முடிந்த எல்லாவற்றையும் முதலில் அள்ளிக்கொண்டு, சிரமமான இடங்களை மேப் ஃபைல் என்ற குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுப் பிறகு அவற்றுக்குத் திரும்பும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த மேப் ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான் இரண்டு சுற்றாக ஓட்டுவேன். முதல் சுற்றில் -என், அதாவது சிரமமான இடங்களைச் சுரண்டாமல் போ. இரண்டாம் சுற்றில் -டி -ஆர்3 (-d -r3), அதாவது கெர்னலின் கேஷைத் தவிர்த்து நேரடியாகப் படி, மிச்சமிருப்பதை மூன்று முறை முயன்று பார். இரண்டு சுற்றுக்கும் அதே மேப் ஃபைலைக் கொடுக்க வேண்டும். முழு டிஸ்க்கின் மேல் நகலெடுப்பதானால் -எஃப்பும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். வரிசை மிக முக்கியம்: முதலில் மூல டிஸ்க், அடுத்து இலக்கு, கடைசியில் மேப் ஃபைல். முதல் இரண்டும் மாறிப்போனால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் தகவலின் மேல் எழுதிவிடும். அதனால் என்டர் தட்டும் முன் எல்எஸ்பிஎல்கே கொடுத்து, அளவையும் மாடலையும் வைத்து எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்று பார்த்துக்கொள்ளுங்கள், பார்த்ததை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நகலின் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். அங்கே எது தவறினாலும் மேப் ஃபைலும் பழைய டிஸ்க்கும் இன்னும் கையில் இருக்கிறது.

க்ரப் ரெஸ்க்யூ என்று மட்டும் வருகிறது. டிஸ்க் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. விண்டோசிலிருந்து பார்ட்டிஷனை அழித்தாலோ அளவை மாற்றினாலோ, லினக்ஸ் பூட்டைத் தொடங்கி வைக்கிற க்ரப்புக்குத் தன் மிச்சப் பாதி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும். எல்எஸ் என்று அடித்தால் அதற்குத் தெரிகிற பார்ட்டிஷன்களைக் காட்டும். ஒவ்வொன்றாக எல்எஸ்ஸோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, பூட் ஃபோல்டருக்குள் க்ரப் ஃபோல்டர் இருக்கிற பார்ட்டிஷனைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் செட் கட்டளையால் ரூட்டை அந்தப் பார்ட்டிஷனுக்கும், ப்ரிஃபிக்சை அந்த க்ரப் ஃபோல்டருக்கும் மாற்றி, இன்ஸ்மாட் நார்மல், அடுத்து நார்மல். மெனு வந்துவிடும். உள்ளே போனதும் க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் இரண்டையும் ஓட்டாவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான். எல்எஸ் கொடுத்தும் உங்கள் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் மட்டும் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாசில் டிஸ்க் தெரிகிறதா என்று போய்ப் பாருங்கள்.

"யூயூஐடி இத்தனை டஸ் நாட் எக்சிஸ்ட்" என்கிறது, ஆனால் லைவ் யூஎஸ்பியில் டிஸ்க் நன்றாகத் தெரிகிறது?

டிஸ்க்கை மாற்றியோ ஃபார்மட் செய்தோ இருந்தால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறியிருக்கும். பிஎல்கேஐடி கட்டளை காட்டுவதையும், எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்று எழுதியிருக்கிற எஃப்ஸ்டேப் கோப்பில் (/etc/fstab) இருப்பதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள், பிறகு அப்டேட்-க்ரப் ஓட்டுங்கள்.

எதையுமே தொடவில்லை, நேற்றுவரை ஓடியது, இன்று வரவில்லை என்றால் நான் பயாசைத்தான் பார்ப்பேன். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்று மாறிப் போயிருக்கும். சில மெஷின்களில் அந்த மோடில் லினக்ஸ் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாது. திரும்ப ஏஹெச்சிஐ ஆக்கினால் சரி. விண்டோசும் சேர்ந்து இருக்கிற கம்ப்யூட்டர் என்றால், அது எந்த மோடில் இன்ஸ்டால் ஆனதோ அதிலிருந்து மாற்றும்போது விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"லாஸ்ட் மவுன்ட் டைம் இஸ் இன் தி ஃபியூச்சர்" என்று வருகிறது.

மேலே சொன்ன அதே பட்டன் பேட்டரிதான். கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது, அதனால் நேற்று மவுன்ட் ஆனது எதிர்காலத்தில் நடந்ததாகத் தெரிகிறது. பேட்டரியை மாற்றி, பயாசில் தேதியைச் சரிசெய்யுங்கள். டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை.

"எ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று ஒன்றரை நிமிடம் ஓடி, அப்புறம் எமர்ஜென்சி மோடு என்கிறது.

எஃப்ஸ்டேப்பில் எழுதியிருக்கிற ஏதோ ஒரு பார்ட்டிஷன் இப்போது இல்லை. பூட்டின்போது எல்லாவற்றையும் தொடங்கி வைக்கிற சிஸ்டம்டி அதற்காக 90 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது. கழற்றி எடுத்துப் போன வெளி டிஸ்க்காகவோ, அழித்துவிட்ட ஸ்வாப் பார்ட்டிஷனாகவோ இருக்கும். அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் போதும். எப்போதும் செருகியிருக்காத டிஸ்க் என்றால் விருப்பங்களில் நோஃபெயில் சேர்த்துவிடுங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காது. ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி உள்ளேயே விடவில்லை என்றால் லைவ் யூஎஸ்பியிலிருந்து அந்தக் கோப்பைத் திருத்தலாம்.

கெர்னல் பேனிக், "அன்னோன் பிளாக் 0,0" என்கிறது. டிஸ்க் மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். அப்டேட் முடிந்த அடுத்த பூட்டில் இது வந்தால், பெரும்பாலும் பூட் பார்ட்டிஷன் பழைய கெர்னல்களால் நிரம்பி, புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படாமல் போயிருக்கும். க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்சுக்குப் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்ததும் ஏபிடி ஆட்டோரிமூவ் கொடுத்து இடத்தைக் காலிசெய்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை -யூ -கே ஆல் என்று ஓட்டுங்கள்.

எஸ்எஸ்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஃபைல் சிஸ்டம் பகுதி அப்படியே பொருந்தும். வன்பொருள் பகுதிதான் வேறு. சுழலும் டிஸ்க் முனகிக்கொண்டு, மெதுவாகி, செக்டார் செக்டாராகப் போகும், உங்களுக்கு எச்சரிக்கை கிடைக்கும். எஸ்எஸ்டி நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்று பயாசிலேயே தெரியாமல் போகலாம். என்விஎம்இ வகை என்றால் ஸ்மார்ட்சிடிஎல்லில் அவெயிலபிள் ஸ்பேர், பர்சன்டேஜ் யூஸ்டு, மீடியா எரர்ஸ் மூன்றையும் பாருங்கள்.

என்னுடைய ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 இல்லை, எக்ஸ்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ். என்ன செய்வது?

எக்ஸ்எஃப்எஸ்ஸில் எஃப்எஸ்சிகே எதையும் செய்யாமல் வெற்றி என்று சொல்லிவிடும். எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்தான் உண்மையான கருவி, அதில் பெரிய எழுத்து -எல் என்பது கடைசி வழி, லாக்கில் எழுதாமல் நிற்கிற மாற்றங்களை அது தூக்கிப் போட்டுவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் செக் கட்டளையோடு --ரிப்பேர் சேர்க்கவே சேர்க்காதீர்கள், அதைத் தெரிந்தவர் ஒருவர் உங்கள் பிழையைப் பார்த்துச் சொன்னால் ஒழிய.

பேட் செக்டார் வந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்து மறுபடி பயன்படுத்தலாமா?

முழுவதும் ஒருமுறை எழுதினால் 197ஆம் எண் 0 ஆகிவிடும், பார்க்க நன்றாக இருக்கும். போனாலும் பரவாயில்லை என்கிற சினிமா, பாட்டு வைக்கலாம். சிஸ்டத்தையும் படங்களையும் வைக்க மாட்டேன்.

மறுபடி வராமல் என்ன செய்யலாம்?

கரண்ட் அடிக்கடி போகிற வீடு என்றால் டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ். சிஸ்டம் உறைந்து நின்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி (S, U, B) என்று ஒவ்வொன்றாக நொடி இடைவெளி விட்டுத் தட்டிப் பாருங்கள். எழுத வேண்டியதை எழுதி, டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றி, அப்புறம் ரீஸ்டார்ட் ஆகும். பேக்கப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷனில் வைப்பது பேக்கப் ஆகாது.

பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில் தம்பிக்கு மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பூட் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. டிஸ்க்தானா?

2011இல் தொடங்கிய தமிழ்நாட்டு இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோசோடு பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்சும் போட்டுக் கொடுத்தார்களே, அந்தக் காலத்து மெஷின் என்றால் டிஸ்க்குக்கும் அதே வயதுதான். ராம் குறைவாலும் மெதுவாகலாம், அதனால் ஊகிக்க வேண்டாம். ஸ்மார்ட்சிடிஎல் -டி லாங் (-t long) என்று கொடுத்து, சார்ஜரைச் செருகிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் -எல் செல்ஃப்டெஸ்ட் கொடுத்தால் முடிவு தெரியும். "ரீட் ஃபெயிலியர்" என்று இருந்தால் தம்பியின் கோப்புகளை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிழையில்லாமல் முடிந்து 197ம் 0 என்றால் டிஸ்க்கை விட்டுவிட்டு ராமைப் பாருங்கள்.